நாலாம் வகுப்புக்கு வந்த கதவுகள்

ஊசிப்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்புச் சுவரில் கதவு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாசி மாதம், மூன்றாம் பீரியடு, தமிழ்நாட்டின் ஆறுகளை அமலோற்பவம் டீச்சர் வடக்கிலிருந்து வரிசையாய்ச் சொல்லிக்கொண்டே பாலாறு, தென்பெண்ணை, காவிரி எல்லாவற்றையும் தாண்டி வைகையில் காலை வைத்த நேரம். நம்பாதவர்கள் நம்பவேண்டாம், ஊசிப்பாறைக்காரர்கள் யாரையும் நம்பச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் இல்லை. வருஷத்தில் எட்டு மாதம் எதிரே வருகிற ஆளின் மூஞ்சியே மூடுபனியில் தெரியாத ஊரில், இருக்கிறது இல்லாதது பற்றியெல்லாம் யாரும் சண்டை போட்டுக்கொள்வதில்லை.

ஆள் உயரக் கதவு. நீலப் பெயின்ட். தேசியப் பறவை மயில் படம் ஒட்டியிருந்த இடத்தில், மயிலைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுத் தானே வந்து நின்றிருந்தது. தாழ்ப்பாள் கிடையாது, கொண்டி கிடையாது, சாவித் துவாரம் கிடையாது. ஒரு சாண் அளவுக்குத் திறந்தே இருந்தது. அந்த ஒரு சாண் வழியாக மைதானமும், கொய்யா மரமும், அதற்கப்பால் இறங்கிப் போகிற தேயிலைச் சரிவும் தெரிந்தன. அதாவது சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கமாய் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது, வேறு உலகம் ஒன்றும் இல்லை.

டீச்சர் வைகையை அப்படியே நட்டாற்றில் விட்டுவிட்டு மோனிஷாவைப் பார்த்தார். ஏனென்றால் கதவு வந்திருந்தது மோனிஷாவின் முதுகுக்குப் பின்னால்.

மோனிஷா யார் என்று சொல்லாமல் மேலே போகக்கூடாது. போன ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் மழை பெய்து, பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த ஆறாம் நம்பர் லைன் வீடுகள் பக்கம் மலை சரிந்தது. மேலேயிருந்து வந்த மண் வாசற்கதவை அடைத்துக்கொண்டு நிற்க, ஒற்றை அறைக்குள் தனியாக இருந்த ஒன்பது வயது மோனிஷாவை மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் தோண்டி வெளியே எடுத்தார்கள். வெளியே போயிருந்த அவள் அப்பாவும் அம்மாவும் திரும்பவில்லை. பிள்ளை உடம்பில் ஒரு கீறல் கிடையாது. "புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று ஊர் சொன்னது, ஊர் சொன்னதையே டாக்டரும் எழுதிக் கொடுத்தார். அம்மாவின் தங்கச்சி பேச்சியம்மா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தை மாதம் பிறந்ததும் தலை சீவி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து விட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. நாலாம் வகுப்புக்கு இருந்தது ஒரே கதவு. அதைப் பாடம் நடக்கும்போது சாத்தித்தான் வைக்கவேண்டும், ஊசிப்பாறைக் குரங்குகளுக்கு டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கத் தெரியும், மூடித் திரும்ப வைக்கத்தான் தெரியாது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் மோனிஷா எழுந்து ஓடுவாள். மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தேயிலைக்குள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அமலோற்பவம் டீச்சருக்கு. எத்தனை ஓடுகாலிகளைப் பார்த்திருக்கிறோம் என்று முதல் நாள் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார். மோனிஷா மணிக்கட்டில் நறுக்கென்று கடித்துவிட்டுக் கைக்கு அடியில் புகுந்து போனாள். இரண்டாம் நாள் அதட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் கடலைமிட்டாய். நாலாம் நாள் தனியாகக் கூப்பிட்டு, "நடந்ததை மறந்திரு கண்ணு" என்றார், அதைச் சொன்ன வாயில் தானே இரண்டு போட்டுக்கொள்ளவேண்டும் என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் ஆறுமுகப்பெருமாள் நல்ல மனுஷர்தான், காகிதத்தைக் கண்டால்தான் அவருக்குக் குலை நடுங்கும். மழையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கீழே டவுனில் இருக்கும் விடுதியில் சேர்க்கலாம் என்று ஒரு காகிதம் வந்து அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தது. "முழுப் பரீட்சை வரைக்கும் பாப்போம் டீச்சர். அதுக்குள்ள புள்ள வகுப்புல உக்காந்துட்டா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா எழுதி அனுப்பிட வேண்டியதுதான். தேயிலைக்குள்ள ஓடுற புள்ளைய சிறுத்தை தூக்கிட்டுப் போச்சுன்னா பதில் நீங்க சொல்வீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. பேச்சியம்மா விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போனால் சாயங்காலம்தான் வருவாள். பள்ளிக்கூடம் பிடித்து வைக்காத பிள்ளையைப் பகலில் பிடித்து வைக்க ஊசிப்பாறையில் ஆள் கிடையாது.

"எங்கக்கா ஜாடையில எனக்குன்னு இருக்குறது இது ஒண்ணுதான் டீச்சர். விட்டுராதீங்க" என்று பேச்சியம்மா இலைக்கறை படிந்த கையால் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது கடிபட்ட மணிக்கட்டை. டீச்சர் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான், அன்றைக்குப் பழைய கதவு இன்னும் சாத்தப்படாமல் இருக்கும்போதே, புதுக் கதவு வந்தது. மோனிஷா திரும்பிப் பார்த்தாள், எழுந்தாள், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். போச்சுடா என்று டீச்சர் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் மோனிஷா திரும்பி வந்து உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனாள், கொய்யா மரத்தடி வரைக்கும், மறுபடி வந்தாள். அன்றைக்குப் பதினோரு தடவை போனாள், பதினோரு தடவையும் வந்தாள், நடுநடுவே வைகையையும் தாமிரபரணியையும் நோட்டில் எழுதி முடித்தாள். சாயங்காலம் மணி அடித்தபோது, தை பிறந்ததிலிருந்து முதன்முறையாக மோனிஷா பள்ளிக்கூடம் விட்டு மற்ற பிள்ளைகளோடு வீட்டுக்குப் போனாள். டீச்சர் காலி வகுப்பில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கதவைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஊர் அந்தக் கதவை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊருக்கு வந்த மருமகளை எடுத்துக்கொள்வதுபோலத்தான், முதலில் குறை, பிறகு வேலை, பிறகு செல்லம். குறை சொன்னவர் ஹெட்மாஸ்டர். கட்டடப் பதிவேட்டில் நாலாம் வகுப்புக்குக் கதவு ஒன்று, ஜன்னல் நாலு என்று இருக்க, இரண்டாம் கதவை எந்தக் கலத்தில் ஏற்றுவது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்து, கடைசியில் அதை 'இதர தளவாடங்கள்' பக்கத்தில் உலக உருண்டைக்கும் கேரம் போர்டுக்கும் நடுவில் எழுதினார். எஸ்டேட் ஆசாரி மாசிலாமணி வந்து தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, "தேக்கும் இல்ல, பலாவும் இல்ல, சில்வர் ஓக்கும் இல்ல. ஆனா எவனோ தொழில் தெரிஞ்சவன்தான் இழைச்சிருக்கான்" என்றார், கொஞ்சம் பொறாமையோடு. சத்துணவு ஆயா முட்டைக் கூடையைச் சுற்றிக்கொண்டு போகாமல் அந்த வழியாகவே கொண்டுவரத் தொடங்கினாள். புது நிலைவாசலை மொட்டையாக விடக்கூடாது என்று லைன் வீட்டுப் பெண்கள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், கோயில்காரர்கள் வைத்துவிட்டார்களே என்று சர்ச்சுக்காரர்கள் சாக்கட்டியால் ஒரு சிலுவை போட்டார்கள், டீக்கடை காதர் பாய் தன் பங்குக்குப் பிறை போட்ட ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். கதவு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு சாண் திறந்தபடி நின்றது. குரங்குகள்? அட, அவை வராமலா இருக்கும். டிபன் பாக்ஸ்களை எல்லாம் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள், குரங்குகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பாடத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போய்விடும்.

பத்து நாள் கழித்து இரண்டாவது கதவு வந்தது, ஜோயலின் பெஞ்சுக்குப் பக்கத்தில். ஜோயல் வகுப்பிலேயே பெரிய போக்கிரி. பக்கத்துப் பையனின் ஸ்கேலை உடைப்பான், கேட்டால் முறைப்பான். அவன் கதவு முழங்கால் உயரம்தான் இருந்தது, தவழ்ந்துதான் போக முடியும். மழையில் அவன் வீடு போகவில்லை, யாரும் சாகவில்லை. ஆனால் அந்தக் குட்டிக் கதவைப் பார்த்ததும், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிற பிள்ளைக்குத்தான் இந்த உயரம் சரியாக இருக்கும் என்று டீச்சருக்கு உறைத்தது, அவன் அப்பன் குடித்துவிட்டு வருகிற லட்சணம் ஊருக்கே தெரியும். மூன்றாவது கதவு ஹேமாவுக்கு. அதைப் பார்த்துத்தான் டீச்சர் அப்படியே ஆடிப்போனார். ஹேமா வகுப்பில் முதல் ரேங்க். வாய் திறக்காது, இடம் விட்டு அசையாது, அச்சடித்ததுபோல எழுதும். 'மிக நல்ல பிள்ளை' என்று மூன்று வருஷமாக அவள் மதிப்பெண் அட்டையில் எழுதி வந்திருந்தார்கள், அதில் கடைசி வருஷம் எழுதியது இவரே. அசையாமல் இருக்கிற பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே பாவி எனக்கு என்று டீச்சர் மனசுக்குள் தன்னைத்தானே வைதுகொண்டார். பங்குனி பிறந்தபோது நாலாம் வகுப்புச் சுவர்களில் ஏழு கதவுகள் இருந்தன.

யாரையும் கூப்பிட்டு உனக்கு ஏன் கதவு வந்தது என்று டீச்சர் கேட்கவில்லை. பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள். போகும்போது ஏன் என்றும் வரும்போது எங்கே என்றும் கேட்கவில்லை, வந்த பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். குரலை இறக்கிக்கொண்டார். தண்டவாளத் துண்டில் மணி அடிப்பதற்கு முன்னால் "இப்ப மணி அடிக்கப் போறாங்க" என்று சொல்லிவைத்தார். இன்றைக்கு எதற்குப் பிறகு எது என்று காலையிலேயே கரும்பலகை ஓரத்தில் எழுதிப் போட்டார், மாற்றவேண்டி வந்தால் மாற்றப் போகிறேன் என்று முன்னாலேயே சொன்னார். ஜோயல் ஒரு நாள் ஸ்கேலை உடைக்கப் போனவன், உடைக்காமல் குட்டிக் கதவு வழியாய்த் தவழ்ந்து போய், கொய்யா மரத்தை நாலு உதை உதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மோனிஷா பதினொன்றிலிருந்து ஏழு, ஏழிலிருந்து நாலு என்று குறைந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் போய் வந்தாள். ஒரு முறை குரங்கைப் பார்த்துச் சிரித்தாள், அன்றைக்கு டீச்சர் வீட்டில் பாயசம்.

இப்படியே போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஊருக்குப் பாசம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அதனால் முடியவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு காட்டெருமை ஹேமாவின் கதவில் தலையை நீட்டி வகுப்பைப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒன்றும் செய்யவில்லை, பார்த்தது, அவ்வளவுதான். ஆனால் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது: இன்றைக்கு எருமை, நாளைக்குச் சிறுத்தை, கோடைமழை வேறு வரப்போகிறது, ஏழு கதவும் இப்படி ஆவென்று திறந்து கிடந்தால் நம்ம பிள்ளைகள் என்னாவது? மலைக்காரர்கள் பாசத்தைக் காட்டுவதே பூட்டுப் போட்டுத்தான். கீழ்நாட்டில் வெளியே கிளம்புகிறவர்கள் போய்ட்டு வர்றேன் என்பார்கள். ஊசிப்பாறையில் பிள்ளையை வீட்டில் விட்டுக் கிளம்புகிற தாய் சொல்வது 'கதவச் சாத்திக்கிட்டு இரு' என்பதுதான். அதை முத்தம் கொடுப்பதுபோலச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் கீழே தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒன்றுகூடி ஏழு கதவுகளுக்கும் ஏழு கொண்டி அடித்து, வெளிப்பக்கமாய் ஏழு பித்தளைப் பூட்டுத் தொங்கவிட்டு, சந்தனம் தடவி, தேங்காய் உடைத்து, பொரிகடலை தின்றது. அத்தனை பூட்டும் ஆசாரி மாசிலாமணியின் அன்பளிப்பு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்களே, அது இதுதான்.

திங்கட்கிழமை காலை டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. வகுப்பருகே வந்ததும் ஏழு கதவிலும் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தார். "சார், சாவி எங்க?" என்று ஓடினார். ஹெட்மாஸ்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "மாசிலாமணிகிட்ட இருக்கு டீச்சர். பாத்தீங்களா, என்னா கனம்! ஒரு பய நெருங்க முடியாது." மாசிலாமணி மேலே இருக்கும் டிவிஷன் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பிவிட்டு டீச்சர் திரும்பி வருவதற்குள் மோனிஷா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஓடவில்லை. அதுதான் பயங்கரம். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, சாத்திய நீலக் கதவைப் பார்த்துக்கொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பூட்டுப் போட்ட கதவுகளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. முதல் பீரியடில் பெயின்ட் வெளுத்தது, இரண்டாம் பீரியடில் பலகை கோடாய்த் தேய்ந்தது, மூன்றாம் பீரியடில் சுவர் பழையபடி சுவராகிவிட, ஏழு பித்தளைப் பூட்டுகள் மட்டும் வெறும் சுவரின் வெளிப்புறத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்டது.

ஹெட்மாஸ்டர் வாசலில் எட்டிப் பார்த்தார். "பாருங்க டீச்சர், என்னா அடக்கமா உக்காந்திருக்கா! நான் சொல்லல?"

"சார், அது அடக்கம் இல்ல" என்றார் டீச்சர். இருபத்திரண்டு வருஷத்தில் ஹெட்மாஸ்டரிடம் அவர் குரல் உயர்ந்ததில்லை, அன்றைக்கு உயர்ந்தது. "மண்ணுக்குள்ள அந்த வீட்டுல இவ இப்படித்தான் உக்காந்திருந்திருப்பா."

இருந்த ஒரே பழைய கதவை விரியத் திறந்து, ஆடாமல் இருக்க நாற்காலியை அணைகொடுத்து வைத்தார். சாரல் முதல் பெஞ்சு வரை அடித்தது. யாரும் சொல்லாமலே ஜோயல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு குரங்குக்குக் காவலாய் வாசலில் போய் நின்றான். டீச்சர் மோனிஷாவின் பெஞ்சுக்குக் கீழே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஆனால் கை நீட்டாமல், தரையில் உட்கார்ந்தார். "நான் இங்கதான் இருக்கேன் தங்கம். நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். நான் எங்கயும் போகமாட்டேன்" என்றார். பிறகு பேசவில்லை. டீச்சருக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்னொரு டீச்சருக்குத்தான் தெரியும்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, மோனிஷா கேட்டாள்: "கதவு இல்லேன்னா அம்மா எப்படி டீச்சர் உள்ள வருவாங்க?"

அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அந்தக் கதவு பிள்ளை வெளியே போவதற்கென்று நினைத்துக்கொண்டிருந்தோமே. அது ஒருத்தி உள்ளே வருவதற்கு. கொய்யா மரத்தடி வரைக்கும் போய்ப் போய் வந்தது ஓடிப்போவதற்கு இல்லை, சரிவில் யாராவது ஏறி வருகிறார்களா என்று பார்ப்பதற்கு.

"கதவச் சாத்திக்கிட்டு இரு, வந்துர்றோம்னாங்க. சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன்" என்றாள் மோனிஷா. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா வந்து தட்டிருப்பாங்க. மழைச் சத்தத்துல எனக்குக் கேக்கல. நான் தொறக்கல."

ஐந்து மாதமாக, ஒன்பது வயசு நெஞ்சு இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது. என்ன சொல்வது என்று டீச்சர் தவித்த நேரத்தில், மழையால் கொழுந்து பறிப்பு நின்றுபோக, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு பேச்சியம்மா வாசலில் வந்து நின்றாள். மழை என்றதும் பிள்ளை நினைப்பு வந்து நேராக இங்கேதான் ஓடி வந்திருந்தாள்.

டீச்சர் எழுந்து போய் மெதுவாகக் கேட்டார். "பேச்சி, அக்காவை எங்க இருந்து எடுத்தாங்கன்னு இவகிட்ட யாரும் சொல்லலையா?"

"பச்சப்புள்ளகிட்ட அதையெல்லாம் எப்படி டீச்சர் சொல்றது? சாமிகிட்ட போய்ட்டாங்கன்னு சொல்லிவச்சிருக்கேன்."

"சொல்லு. இப்பவே சொல்லு. தெரியாம இருக்குறதுதான் அவளத் தின்னுது. நான் பக்கத்துல நிக்கிறேன்."

பேச்சியம்மா ஈரத்தோடு வந்து பிள்ளை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வாய் கோணிற்று, சேலைத் தலைப்பால் ஒரு முறை முகத்தைத் துடைத்தாள், பிறகு சொல்லிவிட்டாள். "உங்கம்மாவும் அப்பாவும் மாட்ட அவுத்துவிடக் கீழ கொட்டகைக்குப் போனாங்கடி. அவங்க அங்க இருக்கும்போதே மண்ணு சரிஞ்சிருச்சு. கொட்டகையிலதான் ரெண்டு பேரும் கெடந்தாங்க, மாட்டுக் கயிறு அக்கா கையிலதான் இருந்துச்சு. அவங்க மேல ஏறி வரவே இல்ல. வாசலுக்கு வரவே இல்ல சாமி."

"தட்டலையா?"

"தட்டல."

மோனிஷா முதன்முறையாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்துச் சித்தியைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்? தட்டிட்டு, நான் தொறக்கலன்னு திரும்பிப் போயிருந்தாங்கன்னா? மழையில எனக்குக் கேக்காம இருந்திருந்தா?"

பின்னால் ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதுக்குத்தான் டீச்சர் பயந்தேன். விடுதியில டாக்டர் அம்மா எல்லாம் இருப்பாங்க. நம்மளால ஆகாது, எழுதிடுறேன்" என்று முணுமுணுத்தார்.

மோனிஷா எழுந்தாள். ஓடத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நேராக வாசலுக்குப் போய், அணைகொடுத்திருந்த நாற்காலியை இழுத்து ஓரம் வைத்தாள்.

"சித்தி, நீ வெளிய போ" என்றாள். "போய்த் தட்டு."

பேச்சியம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையை ஆட்டினார். அவள் வராந்தாவுக்குப் போனதும், ஐந்து மாதமாய்ச் சாத்துகிற சத்தம் கேட்டாலே ஓடுகிற பிள்ளை, தன் கையாலேயே கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். போட்டுவிட்டு இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றாள். முப்பத்தோரு பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க, கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

ஒரு சத்தமும் இல்லை.

ஐயோ கர்த்தரே, கேட்கவில்லையே என்று டீச்சர் மனசுக்குள் ஜெபிக்கத் தொடங்கினார். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மா அக்காவை நினைத்துக்கொண்டு, தூக்கிய கையைத் தட்ட முடியாமல் அழுதுகொண்டு நிற்கிறாள் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு தட்டினாள். டொக், டொக்.

"கேக்குது" என்றாள் மோனிஷா. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சித்தி, இன்னும் மெதுவா."

டொக்.

"எனக்கும் கேக்குது!" என்று ஜோயல் கத்தினான். டீச்சர் அவனைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"இன்னும் மெதுவா தட்டு சித்தி."

இந்த முறை பேச்சியம்மா விரல் நுனியால் தொட்டிருப்பாள், அவ்வளவுதான். அந்த மழையிலும் அது கேட்டது, கடைசி பெஞ்சு ஹேமாவுக்கும் கேட்டது, காது கொஞ்சம் மந்தமான ஹெட்மாஸ்டருக்கும் கேட்டது. அந்த நேரத்தில் சுவரில் ஆறு கதவுகள் சத்தமில்லாமல் திரும்பி வந்து நின்றதை ஒருவரும் பார்க்கவில்லை. மோனிஷாவின் பெஞ்சுக்குப் பின்னால் மட்டும் வெறும் சுவர்தான் இருந்தது, அதை அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவ்வளவு மெதுவா தட்டினாலே கேக்குது டீச்சர்" என்றாள் மோனிஷா. "எங்கம்மா எப்பவும் பலமாத்தான் தட்டுவாங்க. லைனுக்கே கேக்கும்."

"ஆமாடா தங்கம்."

"அப்ப அவங்க வரல."

"வரல கண்ணு. வந்திருந்தா உனக்குக் கேட்டிருக்கும். நீ தொறந்திருப்ப."

மோனிஷா அழுதாள். ஐந்து மாதம் கழித்து, வாய்விட்டு, மழையைவிடச் சத்தமாய் அழுதாள். டீச்சர் கையை விரித்தார், மறிப்பதற்கு இல்லை, பிள்ளை வந்து விழுவதற்கு, விழுந்தாள். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் நாலைந்து பேரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து அழுதார்கள். ஹெட்மாஸ்டர் கண்ணாடியை எத்தனை துடைத்தும் தெளியாமல், "டவுன் காகிதத்துக்குப் பதில நீங்களே எழுதிடுங்க டீச்சர், புள்ள இங்கதான் படிக்கும்னு. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

கதவுக்கு வெளியே பேச்சியம்மா இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுப் பதறி, இப்போது பலமாய், இரண்டு கையாலும். மோனிஷா மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"கேக்குது சித்தி, கேக்குது" என்றாள். "உள்ள வா, நனையாத."